விக் வைப்பர்: பொம்மைக் கட்டைகளில் எழுந்த விண்கலம்

விக் வைப்பர் என்பது ஜப்பானைச் சேர்ந்த கோனாமி நிறுவனம் 1985ஆம் ஆண்டு வெளியிட்ட ‘கிராடியஸ்’ என்னும் வீடியோ கேமில் ஆட்டக்காரர் ஓட்டிச்செல்லும் விண்கலத்தின் பெயர் ஆகும். எந்தத் தொழிற்சாலையிலும் செய்யப்படாத, எந்த வானத்திலும் பறக்காத இந்தக் கலம் திரையில் ஒளிப்புள்ளிகளாக மட்டுமே பிறந்தது. ஆயினும் லெகோ கட்டைகளைக் கொண்டு மாதிரிகள் செய்வோர் பெரிதும் விரும்பிக் கட்டும் வடிவங்களுள் ஒன்றாக அது இன்று விளங்குகிறது. ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் பல நாடுகளில் உள்ள கட்டுநர்கள் புதிதாக ஒரு விக் வைப்பரைக் கட்டுவதை வழக்கமாக வைத்துள்ளனர். அகாலத்தில் மறைந்த ஒரு கட்டுநரின் நினைவும் அவ்வழக்கத்தில் கலந்துள்ளது.

கட்டையின் வரலாறு

டென்மார்க் நாட்டின் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் தச்சராக இருந்த ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென் 1932ஆம் ஆண்டில் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 1934இல் தம் நிறுவனத்துக்கு ‘லெகோ’ என்று பெயரிட்டார். ‘நன்றாக விளையாடு’ என்று பொருள்படும் டேனிஷ் மொழித் தொடரைச் சுருக்கி அமைத்த பெயர் இது.

பிளாஸ்டிக் கட்டைகள் 1949இல் வந்தன. இங்கிலாந்தில் அதற்கு முன்பே விற்பனையில் இருந்த ஒருவகைக் கட்டையைப் பார்த்து அவை செய்யப்பட்டன. தொடக்கக் காலக் கட்டைகளின் மேற்புறத்தில் குமிழ்கள் இருந்தன. உட்புறமோ வெறும் கூடாக இருந்தது. ஒன்றன்மேல் ஒன்றை அடுக்கலாம், ஆனால் கையில் தூக்கினால் பிரிந்துவிடும். ஓலேயின் மகன் கோட்ஃபிரெட் இக்குறைக்குத் தீர்வு கண்டார். கட்டையின் உட்புறத்தில் குழல்களை அமைத்து, கீழ்க்கட்டையின் குமிழ் அக்குழலுக்கும் சுவருக்கும் இடையே இறுகிப் பிடிக்குமாறு செய்தார். இதற்கான காப்புரிமை விண்ணப்பம் 1958 சனவரி 28 அன்று அளிக்கப்பட்டது. 1963 முதல் ஏ.பி.எஸ். என்னும் உறுதியான பிளாஸ்டிக் பயன்பாட்டுக்கு வந்தது.

இந்தப் பிடிமானம் விண்கல மாதிரிக்கு இன்றியமையாதது. வீடு, கோட்டை போன்ற மாதிரிகள் மேசைமேல் நிற்பவை. அவற்றின் எடையே அவற்றைத் தாங்கிக்கொள்ளும். விண்கலம் கையில் எடுத்துப் பறக்கவிடப்படுவது. தலைகீழாகத் திருப்பினாலும் அது உதிரக் கூடாது. 1958இல் வந்த அந்தக் குழல் இல்லையேல் லெகோ விண்கலம் என்ற ஒன்றே தோன்றியிராது.

இரண்டு பிறப்புகள்: 1978

1978ஆம் ஆண்டு இரு துறைகளிலும் திருப்புமுனையாக அமைந்தது. ஜப்பானில் டைட்டோ நிறுவனத்தின் டோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ அவ்வாண்டில் வெளிவந்து, விண்வெளிப் போர் விளையாட்டுகளுக்கு வழிதிறந்தது. அதே ஆண்டில் லெகோ நிறுவனம் கை கால் அசையும் சிறு மனித உருவையும் விண்வெளித் தொகுப்புகளையும் அறிமுகம் செய்தது. மனித உருவை வடிவமைத்தவர் யென்ஸ் நியூகோர் க்னுட்சென். விண்வெளித் தொகுப்புகளின் உருவாக்கத்திலும் அவர் முன்னின்றார். நீலம், சாம்பல் நிறக் கட்டைகளும் மஞ்சள் கண்ணாடிகளும் கொண்ட ‘கேலக்ஸி எக்ஸ்ப்ளோரர்’ என்னும் 338 துண்டுகள் அடங்கிய தொகுப்பு அவ்வரிசையில் புகழ்பெற்றது.

ஆக, 1970களின் இறுதியிலும் 1980களிலும் வளர்ந்த ஒரு தலைமுறைக் குழந்தைகளுக்கு விண்கலம் இரண்டு இடங்களில் கிடைத்தது. ஒன்று காசு போட்டு ஆடும் இயந்திரத்தின் திரையில். மற்றொன்று வீட்டுத் தரையில் பரப்பிய கட்டைக் குவியலில். திரையில் இருந்தது அசைந்தது, சுட்டது, வெடித்தது. ஆனால் அதைத் தொட முடியாது. கட்டையில் இருந்ததைத் தொடலாம், மாற்றலாம். அசைக்க வேண்டுமானால் கை வேண்டும். இவ்விரண்டையும் இணைக்கும் முயற்சியே பிற்காலத்தில் விக் வைப்பர் மாதிரிகளாக மலர்ந்தது எனலாம்.

திரையில் பிறந்த கலம்

கோனாமி 1981இல் ‘ஸ்கிராம்பிள்’ என்ற பக்கவாட்டில் நகரும் விளையாட்டை வெளியிட்டிருந்தது. அதன் வழிவந்ததே கிராடியஸ். ஹிரோயாசு மச்சிகுச்சி தலைமையில் அது உருவானது. ஜப்பானுக்கு வெளியே ‘நெமிசிஸ்’ என்ற பெயரில் அறியப்பட்டது. கதை எளியது: கிராடியஸ் என்னும் கோளைப் பாக்டீரியன் என்னும் பகைப்படை தாக்குகிறது, அதை எதிர்த்து விக் வைப்பர் தனியாகப் புறப்படுகிறது. எரிமலைகளும் ஈஸ்டர் தீவின் மோவாய் சிலைகளை ஒத்த தலைகளும் வழியில் குறுக்கிடும்.

இவ்விளையாட்டின் புதுமை அதன் ஆற்றல் பட்டையில் இருந்தது. திரையின் அடியில் வேகம், ஏவுகணை, இரட்டைச் சூடு, லேசர், ஆப்ஷன், கேடயம் என்ற வரிசையில் கட்டங்கள் இருக்கும். பகைவர் சிலரை அழித்தால் ஒரு குளிகை கிடைக்கும். ஒவ்வொரு குளிகையும் அடுத்த கட்டத்தை ஒளிரச் செய்யும். கிடைத்ததை உடனே செலவிட்டு வேகம் பெறுவதா, பொறுத்திருந்து லேசர் பெறுவதா என்பதை ஆட்டக்காரரே தீர்மானிக்க வேண்டும். ‘ஆப்ஷன்’ என்பது கலத்தைப் பின்தொடர்ந்து, கலம் சுடும்போதெல்லாம் தானும் சுடும் ஒளிரும் உருண்டை. கலம் அழிந்தால் சேர்த்த ஆற்றல் அனைத்தும் போய்விடும்; வெறுங்கலத்துடன் மீண்டும் தொடங்க வேண்டும். இழந்ததை மறுபடி ஒவ்வொன்றாகச் சேர்ப்பதே இவ்விளையாட்டின் கடினம். அதன் ஈர்ப்பும் அதுவே.

1986இல் வீட்டுத் தொலைக்காட்சியில் ஆடும் ஃபேமிகாம் கருவிக்கு இது மாற்றப்பட்டது. கடைகளில் இருந்த இயந்திரத்தில் நான்கு ஆப்ஷன்கள் வரை பெறலாம்; ஃபேமிகாமின் திறன் குறைவாக இருந்ததால் அதில் இரண்டு மட்டுமே. அம்மாற்றப் பணியில் ஈடுபட்ட கசுஹிசா ஹாஷிமோட்டோவுக்கு விளையாட்டு மிகக் கடினமாக இருந்தது. சோதித்துப் பார்ப்பதற்காக, மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்ற வரிசையில் பொத்தான்களை அழுத்தினால் ஆற்றல்கள் கிடைக்குமாறு ஒரு மறைவழியை வைத்தார். ‘கோனாமி குறியீடு’ என உலகம் முழுதும் பரவிய மறைவழி இதுவே. ஹாஷிமோட்டோ 2020இல் காலமானார்.

முதல் கிராடியஸ் இயந்திரங்களைப் பற்றி மற்றொரு செய்தியும் உண்டு. அவை காந்தக் குமிழ் நினைவகம் என்ற தொழில்நுட்பத்தில் இயங்கின. மின்சாரம் கொடுத்ததும் நினைவகம் சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை ஓர் இனிய இசை ஒலிக்கும். ரசிகர்கள் அதைக் ‘காலை இசை’ என்று அழைத்தனர். அத்தொழில்நுட்பம் நிலைக்கவில்லை, பழுதடையாத அவ்வகை இயந்திரங்கள் இன்று அரிது. ஆனால் 1958இல் வார்க்கப்பட்ட ஒரு லெகோ கட்டை இன்றைய கட்டையோடு இன்றும் பொருந்தும். கணினி நினைவகத்தில் பிறந்த வடிவம் பொம்மைக் கட்டையில் அடைக்கலம் புகுந்ததன் பொருத்தம் இங்கே புலப்படும்.

மூன்று அடையாளங்கள்

கிராடியஸின் தொடர்ச்சிகள் பல வந்தன: 1988இல் இரண்டாவது, 1989இல் மூன்றாவது, 2004இல் ட்ரெஷர் நிறுவனம் உருவாக்கிய ஐந்தாவது. ஒவ்வொன்றிலும் விக் வைப்பரின் தோற்றம் சற்று மாறியது. மாறாமல் நின்ற கூறுகளைக் கட்டுநர்கள் இலக்கணமாக எடுத்துக்கொண்டனர். அவை மூன்று.

முதலாவது, முன்னோக்கி நீளும் இரு கொம்புகள். பாம்பின் பிளவுண்ட நாவை நினைவூட்டும் இவையே கலத்தின் முகம். ‘வைப்பர்’ என்ற சொல்லும் நச்சுப்பாம்பு வகை ஒன்றைக் குறிப்பதே. இரண்டாவது, பக்கவாட்டில் விரியும் இரு இறக்கைகள். மூன்றாவது, பின்புறத்தில் மேல்நோக்கி எழும் வால் துடுப்பு.

இம்மூன்றும் இருந்தால் அது விக் வைப்பர்; மற்றவை கட்டுநரின் விருப்பம். ஈற்றடியைக் கொடுத்து வெண்பா பாடச் சொல்வது போன்றது இது. அடி ஒன்றுதான், பாடல்கள் எண்ணற்றவை. ஆறு அங்குலக் கலமும் கட்டலாம், ஆறு துண்டுக் கலமும் கட்டலாம். நிறமும் அவ்வாறே. விளையாட்டில் கலம் பெரும்பாலும் வெண்மையும் நீலமுமாக இருக்கும்; கட்டுநர்களோ எல்லா நிறங்களிலும் கட்டியுள்ளனர். எல்லை தெளிவாக இருந்ததால்தான், தொடங்கத் தயங்கியவர்களும் இவ்வடிவத்தைக் கையில் எடுத்தனர்.

புள்ளியிலிருந்து கட்டைக்கு

விளையாட்டில் கலம் தெரிவது ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே. அடிப்பகுதி எப்படி இருக்கும், பின்புறத்தில் எத்தனை பொறிகள் என்பனவற்றை அட்டைப் படங்களையும் பிற்கால விளையாட்டுகளையும் பார்த்துக் கட்டுநர் ஊகிக்க வேண்டும். அதன்பின் நான்கு கேள்விகளுக்கு விடை காண வேண்டும்.

அளவு: லெகோ கட்டையில் இரு குமிழ்களின் மையங்களுக்கு இடையே 8 மில்லிமீட்டர் தொலைவு. கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர். மெல்லிய தகடு ஒன்றின் உயரம் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 3.2 மில்லிமீட்டர். சிறு மனித உரு ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் உயரம். 170 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதரை அது குறிப்பதாகக் கொண்டால், மாதிரியின் அளவுவிகிதம் ஏறத்தாழ 42இல் ஒரு பங்கு. 12 மீட்டர் நீளக் கலத்தை இவ்விகிதத்தில் கட்டினால் அது 28 சென்டிமீட்டர், அதாவது 35 குமிழ் நீளம் இருக்கும்.

திசை: கட்டைகளை மேல்நோக்கி மட்டும் அடுக்கினால் கலம் படிக்கட்டுபோல் தோன்றும். எனவே சில கட்டைகளைப் பக்கவாட்டில் திருப்பிப் பொருத்துவர். இங்கே ஒரு கணக்கு உதவுகிறது. ஐந்து தகடுகளின் உயரம் 5 × 3.2 = 16 மில்லிமீட்டர். இரண்டு குமிழ்களின் அகலம் 2 × 8 = 16 மில்லிமீட்டர். இரண்டும் சமம். ஆகவே ஐந்து தகடு உயரமுள்ள இடத்தில், பக்கவாட்டில் திருப்பிய இரண்டு குமிழ் அகலப் பகுதி இடைவெளியின்றி அமரும். தேர்ந்த கட்டுநரின் வழவழப்பான கலங்களுக்கு அடிப்படை பெரும்பாலும் இந்தச் சமன்பாடுதான்.

உறுதி: கொம்புகளே இக்கலத்தின் அழகு, அவையே அதன் பலவீனமும் ஆகும். ஒருமுனை மட்டும் தாங்கப்பட்டு நீளும் கொம்பு, நீளம் கூடக் கூடத் தொய்யும். எடுக்கும்போது முறிந்து விழும். சிலர் தகடுகளைச் செங்கற் சுவர்போல் மூட்டு மாற்றி அடுக்குவர். சிலர் துளையுள்ள உத்தரங்களையும் அச்சுகளையும் கலத்தின் முதுகெலும்பாக உள்ளே ஓட்டுவர். இரு கொம்புகளுக்கும் நடுவே பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்பதால் ஒன்றையொன்று தாங்கவும் வழியில்லை. கட்டி முடித்தபின் கலத்தைக் கையில் பிடித்து, காற்றில் வேகமாக வீசிப் பார்ப்பது கட்டுநர்களின் சோதனை. எதுவும் உதிராவிட்டால் கலம் தேறியது.

ஒளி: எந்திரச் சுடருக்கும் ஆப்ஷன்களுக்கும் ஒளி ஊடுருவும் ஆரஞ்சு நிறத் துண்டுகள் ஏற்றவை. ஆப்ஷன் உருண்டைகளைக் கண்ணாடி போன்ற மெல்லிய கம்பிகளில் பொருத்திக் கலத்தின் பின்னே மிதப்பதுபோல் நிறுத்துவதும் உண்டு.

இத்தனை கட்டுப்பாடுகளுக்குள் வேறுபாடுகள் எப்படிப் பிறக்கின்றன என்ற ஐயம் எழலாம். எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால், அவற்றை 91,51,03,765 வகைகளில் இணைக்க முடியும் எனக் கணிதவியலார் கணித்துள்ளனர். ஆறு கட்டைக்கே இவ்வளவு என்றால் அறுநூறு கட்டைக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நவம்பர் வழக்கம்

2000களின் பிற்பகுதியில் லெகோ கட்டுநர்களிடையே விக் வைப்பர் பரவியதில் அமெரிக்கக் கட்டுநர் ஒருவருக்குப் பெரும் பங்கு உண்டு. இணையத்தில் புனைபெயராலேயே அறியப்பட்ட அவர், ஒற்றை ஆள் ஓட்டும் சிறு விண்போர்க்கலங்களை வடிப்பதில் வல்லவர். நிறச் சேர்க்கையிலும் வெளிவரையின் நேர்த்தியிலும் அவருடைய கலங்கள் பலருக்கு முன்மாதிரியாக இருந்தன.

நவம்பர் மாதத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ‘வி’ என்ற எழுத்து வரும். விக், வைப்பர் ஆகிய இரு சொற்களும் அதே எழுத்தில் தொடங்குவதால், அவ்வெழுத்தை இரட்டித்து எழுதி அம்மாதத்தையே இக்கலத்துக்கு உரியதாக்கினர். விளையாட்டாகத் தோன்றிய சொற்சிலேடை இது.

2010ஆம் ஆண்டு அந்தக் கட்டுநர் சாலை விபத்தில் உயிரிழந்தார். அவரை நேரில் பார்த்திராதவர்களே அவர் மறைவை அதிகம் உணர்ந்தனர். ஏனெனில் அவருடைய கலங்களின் படங்களைப் பார்த்தே அவர்கள் கட்டக் கற்றிருந்தனர். அவ்வாண்டு சியாட்டல் நகரில் நடைபெற்ற பிரிக்கான் கண்காட்சியில், பலரும் தாங்கள் கட்டிய விக் வைப்பர்களைக் கொண்டுவந்து ஓரிடத்தில் அணிவகுத்து நிறுத்தி அஞ்சலி செலுத்தினர். அதுமுதல் நவம்பர்க் கலங்கள் அவருடைய நினைவையும் சுமக்கின்றன.

லெகோ மாதிரிகள் நிலையானவை அல்ல. அடுத்ததைக் கட்டக் கட்டைகள் வேண்டும் என்பதால் பெரும்பாலானவை சில வாரங்களிலேயே பிரிக்கப்படும். வெண்ணிறக் கட்டைகள் வெயில் பட்டு மஞ்சளிக்கும். ஆகவே ஒரு கட்டுநரின் மாதிரியை அப்படியே பாதுகாப்பது அரிது. ஆனால் அவர் விரும்பிய இலக்கணத்தை ஏற்று ஆண்டுக்கொரு முறை புதிதாகக் கட்டுவது எவருக்கும் எளிது. நினைவுச் சின்னம் எழுப்புவதற்கு மாற்றாக இவ்வழியைத் தேர்ந்ததில்தான் இவ்வழக்கத்தின் சிறப்பு இருக்கிறது.

இத்துறையில் இது முதல் நிகழ்வும் அன்று. லெகோ மாதிரிகளைக் கணினியில் கட்ட உதவும் ‘எல்ட்ரா’ என்ற மென்பொருளை 1995இல் உருவாக்கியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன். அவர் 1997இல் இளம் வயதிலேயே மறைந்தார். அவர் தொடங்கிய துண்டுகளின் தொகுப்பைத் தன்னார்வலர்கள் கைவிடாமல் வளர்த்து வருகின்றனர். அவர் பெயரில் ஒரு நினைவு விருதும் வழங்கப்படுகிறது. கையில் துண்டு இல்லாதோரும் இன்று அத்தொகுப்பைக் கொண்டு கணினித் திரையில் விக் வைப்பர் கட்ட முடியும்.

நவம்பரைப் போலவே வேறு மாதங்களும் கட்டுநர்களுக்கு உரியனவாயின. செப்டம்பரில் குறைந்தது நூறு குமிழ் நீளம், அதாவது 80 சென்டிமீட்டர் நீளமுள்ள பெரும் விண்கலத்தை ஒரே மாதத்துக்குள் கட்டி முடிப்பர். பிப்ரவரியில் கோள்களின் தரையில் ஓடும் ஊர்திகளைக் கட்டுவர்.

தொடங்குவோருக்கு ஓர் எளிய கலம்

இவ்வடிவத்தின் மூன்று அடையாளங்களையும் எட்டே துண்டுகளில் காட்டிவிடலாம்.

1. நான்குக்கு நான்கு குமிழ் கொண்ட தகடு ஒன்றை உடலாகக் கொள்க.
2. ஒன்றுக்கு ஆறு குமிழ் கொண்ட தகடுகள் இரண்டை, உடலின் அடியில் இட, வல ஓரங்களில் பொருத்துக. ஒவ்வொன்றிலும் இரண்டு குமிழ்கள் உடலுக்குள்ளும் நான்கு குமிழ்கள் முன்னே நீண்டும் இருக்கட்டும். இவை கொம்புகள்.
3. இரண்டுக்கு எட்டு குமிழ் கொண்ட தகடு ஒன்றை உடலின் மேல், பின்பகுதியில் குறுக்காக வைத்தால் இருபுறமும் இவ்விரு குமிழ்கள் வெளியே நீளும். இவை இறக்கைகள்.
4. முன்பகுதியின் நடுவே இரண்டுக்கு இரண்டு குமிழ் அளவுள்ள, ஒளி ஊடுருவும் நீலச் சரிவுக் கட்டையை வைத்தால் ஓட்டுநர் அறை ஆகும்.
5. வால் துடுப்பில்தான் சிறு சிக்கல். இறக்கைத் தகட்டின் அகலம் இரட்டைப்படை எண் என்பதால், ஒரு குமிழ் அகலத் துடுப்பை நேர் நடுவில் நிறுத்த இயலாது. ஒன்றுக்கு இரண்டு அளவில் நடுவே ஒற்றைக் குமிழ் மட்டும் உள்ள தகடுகள் இரண்டை, நடுக்கோட்டில் ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கே வைத்தால் குமிழ்கள் 4 மில்லிமீட்டர் நகர்ந்து சரியாக நடுவில் வந்துவிடும். அவற்றின்மேல் ஒரு குமிழ் அகலமும் இரண்டு குமிழ் நீளமும் உள்ள சரிவுக் கட்டையைப் பொருத்துக.

கலத்தின் நீளம் எட்டுக் குமிழ், அகலமும் எட்டுக் குமிழ். அதாவது இரண்டும் 6.4 சென்டிமீட்டர். உள்ளங்கையில் அடங்கும் இக்கலத்தைக் கையில் எடுத்து ஒருமுறை வீசிப் பார்க்கலாம். கொம்புகள் இரண்டு குமிழ்களை மட்டுமே பிடித்திருப்பதால், முதலில் கழன்று விழுவது பெரும்பாலும் அவைதான். அவற்றை எப்படி உறுதியாக்குவது என்று யோசிக்கத் தொடங்கும்போது ஒன்பதாவது துண்டு தேவைப்படும்.